குறை சொல்லிக் கழித்த கோடை

ஏப்ரல் 29

வந்து சேர்ந்தேன். மொரப்பூரில் ரயில் ஏறும்போது இருந்த இஸ்திரி மடிப்பு பெரம்பூரில் இறங்கும்போது சட்டையிலும் இல்லை, என்னிடமும் இல்லை.

தேவி டூட்டி முடிந்து நேராக ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷமாகப் போகிறது. நான் கடத்தூர் பக்கம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியார். அவள் சென்னையில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். லீவு கிடைத்தால் குடும்பம், இல்லாவிட்டால் போன். இந்த மே கடைசியில் அவளுக்கு டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் வருகிறது, தர்மபுரியில் காலியிடம் இருக்கிறதாம். அவள் அங்கே வருவதா, நான் இங்கே மாறுதல் கேட்பதா என்று சண்டை போட்டு இருவருக்கும் அலுத்துவிட்டது. பொங்கலுக்கு வந்தபோது அவளே ஒரு வழி சொன்னாள்: "ஒரு கோடை முழுக்க எங்கூட வந்து இருங்க. அந்த ஊரப் பாருங்க. அப்பறம் நீங்க என்ன சொல்றீங்களோ அதையே எடுத்துக்கறேன்."

அவள்தான் தர்மபுரிக்கு வர வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. பூகோளம் நடத்துகிறவன் ஒரு ஊரை நேரில் வேறு பார்க்க வேண்டுமா என்ன?

ஏப்ரல் 30

வேர்வை. இன்றைக்கு வேறு செய்தி இல்லை.

மே 2

குறை சேகரிக்க ஆரம்பித்தாயிற்று. குடியிருப்பு இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல், கை நீட்டினால் தொடலாம். அதில் ஒரு பெரியவர் பல் தேய்க்கிறார். நானும் அதே நேரத்தில் தேய்ப்பதால் இன்று தலையாட்டினார். வாயில் நுரையோடு நானும் ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் இது குறைக் கணக்கில் வர வேண்டியது என்று நினைவு வந்தது.

"நிம்மதியாப் பல்லு வெளக்கக்கூட வழியில்ல" என்றேன் தேவியிடம். அவள் சிரித்துவிட்டு டூட்டிக்குப் போனாள்.

இங்கே மட்டும் உண்மையை எழுதுகிறேன் — பல் விளக்கும்போது துணைக்கு ஒரு ஆள் இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

மே 5

கீழே தெருவில் தண்ணீர் லாரி வருகிறது. வருவதற்கு வெகுநேரம் முன்பே குடங்கள் வந்து வரிசையில் நிற்கின்றன. நீலம், சிவப்பு, ஒரு வெந்தயக் கலர், வாய் உடைந்த பச்சை ஒன்று. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. யாரும் யாருடைய குடத்தையும் நகர்த்துவதில்லை. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு குடத்துக்குள்ளும் விளக்கு வைத்த மாதிரி இருந்தது. காப்பி ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் தேவியிடம் சொன்னது: "காலங்காத்தால லாரிச் சத்தம். காது போச்சு."

மே 8

இன்று எனக்கும் சென்னைக்கும் நேரடி மோதல். வென்றது சென்னை.

நம் ஊரின் பெருமையை நிலைநாட்டக் களி கிண்ட முடிவு செய்தேன். கிண்டுகிற துடுப்பு, குண்டானை அசையாமல் பிடிக்கிற கவைக்குச்சி எல்லாம் ஊரிலிருந்தே கட்டி எடுத்து வந்திருந்தேன். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துக் காலை மடக்கிக்கொண்டது இப்போது நினைவுக்கு வருகிறது. ராகி மாவு வெந்ததும் குண்டானைத் தரையில் இறக்கி, கவையை அதன்மேல் மாட்டி, இரண்டு பக்கமும் காலால் மிதித்துக்கொண்டு, பலங்கொண்ட மட்டும் கிண்டினேன். எங்கள் வீட்டில் சாணி மெழுகிய தரையிலும் சிமென்ட் தரையிலும் காலங்காலமாகச் செய்கிற வேலை. டைல்ஸ் போட்ட தரையில் செய்யக்கூடாது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

டப்பென்று ஒரு சத்தம். டைல்ஸ் குறுக்கே பிளந்துவிட்டது.

கீழ்வீட்டில்தான் ஹவுஸ் ஓனர் ஆக்சிலியா அம்மா இருக்கிறார். மூச்சு வாங்க மேலே வந்தார். "இன்னா சார், என் தலமேல கபடி ஆடிக்கினு கீறியா?" உடைந்த டைல்ஸைப் பார்த்தார், களியைப் பார்த்தார், துடுப்போடு நின்ற என்னைப் பார்த்தார். வாத்தியார் உத்தியோகத்தில் இத்தனை வருஷம் இருந்தும் மன்னிப்புக் கேட்கும்போது நான் கையைக் கட்டிக்கொள்வேன் என்று இன்றுதான் தெரிந்தது.

"சரி சரி, அந்த ஃபிரிட்ஜை இட்டாந்து இதும்மேல வை. மூஞ்சியை ஏன் அப்பிடி வெச்சிக்கினு கீற?" என்று சொல்லிக் கீழே போனவர், நெத்திலிக் கருவாட்டுக் குழம்போடு திரும்பி வந்தார். களியும் அந்தக் குழம்பும் — ஐயோ! எழுதினால் நாக்கு ஊறுகிறது.

தேவி வந்ததும் "இந்த ஊருத் தரகூட களி தாங்காது" என்று முடித்துக்கொண்டேன்.

மே 12

பாப்பாரப்பட்டி பக்கம் தோட்டத்திலிருந்து அப்பா போன் செய்தார். "இந்த வருசம் மாங்கா எப்பிடிப்பா?" என்று கேட்டேன்.

"எங்கடா... ஏதோ நாலு காய் தொங்குது."

அப்படியென்றால் கிளை ஒடியாமல் இருக்க முட்டுக்கொம்பு வைத்திருக்கிறார் என்று பொருள். எங்கள் பக்கம் யாரும் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கண் பட்டுவிடும். உண்மையிலேயே காய்ப்பு இல்லாத வருஷம் அப்பா ஒன்றுமே பேசமாட்டார், இருமுவார்.

மே 15

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிற்பகல். வெந்துகொண்டிருக்கிறது ஊர். காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். செருப்பு போடாமல் போனதால் முதலில் கொஞ்சம் பரதம் ஆடினேன். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை மொட்டைமாடிகள், கொடிகள், நைட்டிகள், லுங்கிகள், பள்ளிக்கூடச் சட்டைகள். எதுவும் அசையவில்லை. அப்போது கிழக்கே தூரத்தில் ஒரு மாடியில் துணி ஆடியது. அப்புறம் அதற்கு இப்பாலுள்ள மாடி. அப்புறம் அடுத்தது. காற்று ஒவ்வொரு வீடாக ஏறி வருவது கண்ணுக்குத் தெரிந்தது! கடைசியில் எங்கள் கொடி. அத்தனை நைட்டியும் ஒரே பக்கம், மேற்கே, சாய்ந்து எழுந்தன. என் கழுத்து குளிர்ந்தது.

கடல்காற்று, நிலக்காற்று என்று எத்தனை வருஷமாகக் கரும்பலகையில் அம்பு போட்டிருப்பேன். மார்க்குக்கு வரும் கேள்வி என்று அழுத்தி வேறு சொல்வேன். அது நைட்டிகளில் ஏறி வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மே 16

மறுபடியும் போனேன். வந்தது. துணியே காயப்போடவில்லை, சும்மாதான் போனேன்.

மே 17

கடற்கரைக்குக் கூப்பிட்டாள். தலைவலி என்றேன். எல்லோரும் போய் வியக்கிற இடத்தில் நானும் நின்று வியந்தால் குறை சொல்லும் கட்சியின் மானம் என்னாவது?

மே 20

பால் வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தேன். தேவி பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதைத் தூரத்தில் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பூக்காரம்மாவிடம் ஏதோ சொன்னாள், அந்தம்மா கையைத் தட்டிச் சிரித்தார். குறுக்கே வந்த ஆட்டோக்காரரிடம் "இன்னாண்ணா, ரோடு உன்துதானா?" என்று கேட்டாள். என் தேவியா! ஊரில் அவள் பாப்பிரெட்டிப்பட்டிப் பெண்ணாக, எங்கள் வீட்டு மருமகளாக, சுவர் ஓரமாகத்தான் நடப்பாள். இங்கே தெருவின் நடுவே, பையை வீசிக்கொண்டு நடக்கிறாள். இவ்வளவு அழகான பெண்ணை எனக்கா கட்டிவைத்தார்கள் என்று பால் பாக்கெட்டோடு நின்றேன்.

அவளைத் தர்மபுரிக்குக் கூப்பிட்டுப் போகத்தான் வந்திருக்கிறேன். இல்லையா?

மே 27

இரண்டு நாளில் கவுன்சிலிங். சாப்பிடும்போது கேட்டாள்.

"சொல்லுங்க. இந்த ஊரு எப்பிடி இருக்குது?"

குடங்கள், காற்று, பல் தேய்க்கிறவர், அவள் நடை எல்லாம் தொண்டை வரை வந்தன. வந்ததைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

"எங்க... ஏதோ இருக்குது. மனுசன் இருந்துக்கலாம்."

"சரிங்க" என்று ரசம் ஊற்றினாள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு ஊரைப் புகழ முடியாது. அவளுக்குப் புரிந்திருக்கும். அவள் அப்பாவும் மாந்தோப்புக்காரர்தானே.

மே 29

காலையில் தெளிவாகவே சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் பஸ்ஸில் சொல்லலாம் என்று. பஸ்ஸில் கூட்டம். அவள் கவுன்சிலிங்குக்கு உள்ளே போனாள், நான் வெளியே வேப்பமர நிழலில் நின்றேன். ஒரு வார்த்தைக்கு இத்தனை ஒத்திகையா? வகுப்பில் வாய் மூடாத ஆள் நான்.

உத்தரவுத் தாளோடு வந்தாள். "தர்மபுரி கெடச்சிருச்சுங்க." சிரித்தாள். "சந்தோசந்தானுங்களே?"

"ம்."

ஜெயித்துவிட்டேன். வாழ்த்துகள், அறிவழகன்.

ஜூன் 14

வீடு காலி செய்தோம். ஃபிரிட்ஜை நகர்த்தியதும் பிளந்த டைல்ஸ் தெரிந்தது. ஆக்சிலியா அம்மா அதைப் பார்த்து, "இர்க்கட்டும். அடுத்து வர்றவன் கேட்டா உன் பேர சொல்றேன்" என்றார். தேவி அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் துடுப்பைத் தேடுகிற மாதிரி அறைக்குள் போய்விட்டேன். எதிர் ஜன்னல் பெரியவரிடம் கையாட்டினேன். இந்நேரத்தில் நான் பல் தேய்க்காமல் நிற்பது அவருக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

ஜூலை 6

ஞாயிறு. கடத்தூர். தேவிக்கு இன்று வார விடுப்பு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே கொடியில் துணி ஆணி அடித்த மாதிரி தொங்கியது. என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது: "இந்நேரம் அங்க காத்து வந்திருக்கும்."

"எங்க?"

"மொட்டமாடில. கெழக்க இருந்து ஒவ்வொரு வூடா ஏறி வரும். நைட்டியெல்லாம் மேக்கால சாயும்."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு அந்த ஊரு புடிச்சிருந்துதா?"

"ஏதோ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். "ரொம்பப் புடிச்சிருந்துது தேவி."

"அப்ப ஏங்க சொல்லல?"

"சொன்னேனே. ஏதோ இருக்குதுன்னு. எங்கப்பா, உங்கப்பா எல்லாரும் அப்பிடித்தான சொல்லுவாங்க. உனக்குப் புரியும்னு நெனச்சேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். "வார்டுல தெனமும் எத்தன பேரு 'ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்'ங்கறாங்க. ஒருத்தரையும் நான் நம்புனதில்ல. தொட்டுப் பாத்துட்டுத்தான் நகருவேன். உங்க வார்த்தைய மட்டும் அப்பிடியே நம்பிட்டேன்."

எழுந்துபோய் அவள் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தேன்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். மருமகள் வந்துவிட்டாளே, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். தேவி வாசல்படியில் உட்கார்ந்து மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுகிற மாதிரிச் சத்தமாகவே சொன்னேன்.

"ரொம்ப நல்லா இருக்குதுப்பா."



"என்னடா," என்றார் அப்பா, "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"