நான் சொல்லாத என் பெயர்

மருமகள் இன்று ஜன்னல் துடைக்க ஏதோ திரவம் வாங்கி வந்தாள். மூடியைத் திறந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறியது. நம் தொழிற்சாலை டிராயிங் செக்‌ஷனில் வரைபடங்களை நகலெடுக்கும் இயந்திரத்தின் அதே நெடி. கண்ணில் நீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது.

நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தினமும் பஸ்ஸில் நீ லோத்குண்டாவிலிருந்து வருவாய், நான் குகட்பள்ளியிலிருந்து. வரைவதில் நீதான் கெட்டிக்காரி. ஆனால் இலாகாத் தேர்வை எழுதியவள் நான். எழுபதுகளின் கடைசியில் செக்‌ஷன் பொறுப்பு எனக்கு வந்தபோது, எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தவள் நீ.

அடுத்த வாரமே டிசைன் பிரிவிலிருந்து ஒரு பம்ப் வேலை வந்தது. நீதான் வரைந்தாய்.

"துளைக்குத் துளை தூரம் இடிக்குதுடி. டிசைன்ல ஒரு தடவை கேட்டுட்டு அனுப்பலாம்" என்றாய்.

"நக்கோ, வேணாம். சாயங்காலத்துக்குள்ள போகணும். புதுசா பொறுப்புக்கு வந்தவ லேட் பண்றான்னு பேர் வரும்" என்று கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதத்தில், அந்த அளவில் வார்த்த பாகங்கள் அத்தனையும் வீணாயின. மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். யார் வரைந்தது என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் நீ எச்சரித்ததை நான் சொல்லவில்லை. நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நீயே "எஸ் சார்" என்றாய்.

மெமோ உனக்கு வந்தது. கேன்டீனில், "நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன், வெட்கமில்லாமல்.

"அது நீ சொல்ல வேண்டியது" என்று பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடினாய்.

அதனால் உன் பதவி உயர்வு மூன்று தடவை தள்ளிப்போய், கடைசிவரை வரவேயில்லை. ஒரு குறிப்பு எழுதியிருந்தால் அந்த மெமோவை உன் ஃபைலிலிருந்து எடுத்திருப்பார்கள். எழுதுகிற இடத்தில்தான் இருந்தேன். எழுதவில்லை.

நான் ஏறிக்கொண்டே போனேன். பயிற்சி மையத்தில் தலைமைப் பண்பு பற்றி வகுப்புகூட எடுத்தேன். தவறு நடந்தால் பொறுப்பில் இருப்பவர் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று பேசிய அன்று, நீ கடைசி வரிசையில் இருந்தாய். ஒரு பெண் எழுந்து, "நீங்கள் அப்படிச் செய்ததுண்டா மேடம்?" என்று தெலுங்கில் கேட்டாள். உண்டு என்றேன். நீ தலை நிமிராமல் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாய்.

போன மாதம், உன் பதின்மூன்றாம் நாள் காரியத்தன்று வீட்டுக்கு வந்தேன். உன் மகள் காபி கொடுத்துவிட்டு, "ஆண்ட்டி, அம்மாவுக்கு மட்டும் ஏன் ப்ரமோஷனே வரல? கேட்டா பேச்சை மாத்திடுவாங்க" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கேட்டாள்: "இதை அம்மாகிட்ட எப்பவாவது சொன்னீங்களா? ஒரு சாரி?"

"இல்லம்மா."

அவள் என் காபி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த 'இல்லை'யோடுதான் அன்று பஸ் ஏறினேன். இன்னும் அதை எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.