கொங்கோவா, துவாலுவா

அன்பான மகளுக்கு,

கொங்கோவில் டொக்டர் வேலையா, துவாலுவிலா, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். எனக்குப் பதில் தெரியவில்லை.

கொங்கோவுக்குள் நம் இலங்கை முப்பத்தைந்து தடவை அடங்கும். பசிபிக் தீவு நாடான துவாலுவின் நிலமெல்லாம் சேர்த்தாலும் நம் கல்முனை ஊர் அளவுதான். ஆனால் ஐ.நா.வில் இரண்டுக்கும் ஒவ்வொரு வாக்கு. இத்தனை வருடம் புவியியல் படிப்பித்தும் எனக்கு வியப்புத் தீரவில்லை.

எங்கும் போக வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நிற்கும் உன் வாப்பா, "கொங்கோவில மேற்கப் பாத்துத் தொழவாவது விடுவானுகளா?" என்றார்.

"அங்க மக்கா வடகிழக்கில," என்றேன்.

உலக உருண்டையில் காட்டினேன். கொங்கோவில் வைத்த விரலை அவர் எடுக்கவில்லை.

"அப்ப நம்மட மேற்கு நமக்கு மட்டுந்தானா?"



உன் உம்மா

மறுநாள்: வாப்பா கடைத்தெருவில் பெரிய பயணப்பெட்டி ஒன்று வாங்கிவந்து கூடத்தில் வைத்தார். எந்த நாட்டுக்கு என்று நான் கேட்கவில்லை.