டப்பா அத்தையின் அறை காலி

அன்புள்ள கண்ணா,

நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். இங்கே முழங்காலைத் தவிர நான் நலம். உன் அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை, நான் பேசும்போது மட்டும் காது கேட்பதில்லை. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், நீ கேட்ட அறை தயார். சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டாயிற்று, கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டில் வைக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. "குழந்தையோட வர்றோம்மா, கூடத்துல படுக்க முடியாது, ஒரு அறைக்கு மட்டும் வழி பண்ணு" என்று போனில் சொன்னாய். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் நானும் உன் அப்பாவும், இன்னொன்றில் உன் அத்தையும் அவளுடைய பெட்டிகளும். அது தெரிந்துதானே கேட்டாய். பிள்ளை வாய்விட்டுக் கேட்டபிறகு செய்யாமல் இருந்தால் நான் என்ன அம்மா.

அந்த அறை எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். தெருவே அவளை டப்பா அத்தை என்று கூப்பிடுவது சும்மா இல்லை. பெட்டிப் பட்டறையில் அட்டை ஒட்டின கை, வேலையை விட்டு வீட்டோடு வந்தபிறகும் சும்மா இருக்கவில்லை. யார் வீட்டில் எது வாங்கினாலும் அது வந்த பெட்டி இவளுக்கு வந்துவிடும். பிஸ்கட் டின், மாத்திரை டப்பா, தீப்பெட்டி, செருப்புப் பெட்டி, மோதிரம் வந்த குட்டி வெல்வெட் பெட்டி. வந்தது போதாதென்று தானும் செய்வாள். கால் உடைந்த மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பெட்டி, ஃபியூஸ் போன பல்புக்கு ஒரு பெட்டி, உன் அப்பா பேனாவைத் தொலைத்துவிட்டு மூடியை மட்டும் கொண்டுவந்தபோது அந்த மூடிக்கும் அளவெடுத்து ஒரு பெட்டி. உருப்படாத சாமான்களுக்கு இந்த உலகத்தில் இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைக்காது. செய்து முடித்ததும் மூடியை மேலே வைத்துக் கையை எடுத்துவிடுவாள். அது காற்றை விட்டுக்கொண்டு தானாக மெல்ல இறங்கி உட்கார வேண்டும். டக்கென்று விழுந்தாலும் நடுவில் நின்றாலும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வெட்டுவாள். நீ சின்ன வயதில் தரையில் முகவாயை வைத்துக்கொண்டு அந்த மூடி இறங்குவதையே பார்த்துக் கிடப்பாய். நான் டெலிபோன் ஆபீஸில் நாளெல்லாம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டு வந்து வாசலில் நிற்பேன், நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றும்போதே "அத்தை எங்க?" என்பாய். நான் விடுப்பில் வீட்டில் இருந்த நாட்களிலும் அதே கேள்விதான், கதவைத் திறந்துவிட்டவள் நான் என்பதுகூட உனக்குத் தோன்றாது. இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை, பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அத்தைக்குக் கண்ணில் புரை எடுக்க ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். உன் அப்பாவைத் துணைக்கு அனுப்பினேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும் பழைய சாமான் வண்டிக்காரரை வாசலுக்கு வரச்சொன்னேன். எதிர்வீட்டு டெய்லரம்மா கூடமாட உதவ வந்தவள் "அவங்க வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமேக்கா" என்று இழுத்தாள். கேட்டால் நடக்கிற காரியமா இது. தையலைப் பார் என்று அவளை அனுப்பிவிட்டு நானே இறங்கினேன். அப்படியே வண்டியில் ஏற்றினால் இடம் அடைக்கும் என்று வண்டிக்காரர் முகம் சுளித்தார், அதனால் ஒவ்வொன்றாகத் தரையில் போட்டு மிதித்துத் தட்டையாக்கினேன். அன்றைக்கு மட்டும் முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளே இருந்ததையும் பார்க்கத்தான் பார்த்தேன். உனக்கு முதன்முதலில் வெட்டின முடி, உன் ஒற்றை ஷூ, நீ பொறுக்கிவந்த குருவி இறகு, சட்டையிலிருந்து அறுந்த பொத்தான், எல்லாவற்றுக்கும் அதனதன் அளவில் பெட்டி. உன்னைப் பெற்றது நான், உன் சாமான் ஒன்றுகூட என்னிடம் இல்லை, எல்லாம் அவளிடம் இருந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது கண்ணா. வண்டியில் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அத்தைக்கு ஒரு கண் ஏற்கெனவே மங்கல், இன்னொன்றில் கட்டு. கட்டுப் பிரிக்கும்வரை குனியக்கூடாது, அழக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவளுக்கு அதிர்ச்சி வேண்டாமே என்று நான் முன்யோசனையாக மளிகைக்கடையில் காலி அட்டைப்பெட்டிகளை வாங்கி அலமாரியில் பழையபடி அடுக்கிவைத்திருந்தேன், தடவிப் பார்த்தால் கைக்குப் பெட்டி தட்டுப்பட்டால் போதும் என்று. வந்து உட்காருவதற்குள் கையை நீட்டினாள். ஒன்றைத் தொட்டாள், அடுத்ததைத் தொட்டாள், மூக்கில் வைத்து முகர்ந்தாள். "இது சோப்பு வந்த பெட்டியாச்சே, என்னுது எங்க?" என்றாள். என்னுடைய முன்யோசனை அவ்வளவுதான் தாங்கியது. எனக்கு வாயில் வந்தது நீதான். "உங்க செல்லப்பிள்ளைதான் அண்ணி சொன்னான், அந்தக் குப்பையெல்லாம் குழந்தைக்கு ஆகாது, நான் வர்றதுக்குள்ள தூக்கிப் போட்டுடுங்கன்னு" என்றேன். குப்பை என்று நீ சொல்லவில்லை, எனக்கும் தெரியும். ஆனால் அறை கேட்டவன் நீ. நீ சொன்னதை நான் கொஞ்சம் விரித்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

"அவனா சொன்னான்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்போ சரி. தூசி குழந்தைக்கு ஆகாதுதான், எனக்கே தோணியிருக்கணும்" என்றாள். அழவில்லை. டாக்டர் சொல்வதை ஒழுங்காகக் கேட்கிறவள். பிறகு தடவித் தடவிக் கட்டிலின் தலைமாட்டு இடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள், அது என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. உன் குழந்தையின் சட்டைகளை வைப்பதற்காகச் செய்தாளாம், குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று உன்னிடம் போனில் கேட்டுக்கொண்டாளாம். பாட்டியாகிய என்னிடம் நீ அதையெல்லாம் சொன்னதில்லை. அதன் மூலைகளை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்து, மடிப்பை நீவித் தட்டையாக்கி, "இதையும் வண்டியில போட்டுடும்மா" என்று என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். உன் அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு "நிஜமாவே அவன் அப்படிச் சொன்னானா?" என்றார். நான் ஒரு பார்வை பார்த்தேன். பேப்பரை எடுத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்ததும் கிளம்பிவிட்டாள். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை, நன்றாகக் கேட்டுக்கொள். "அறை வேணும்னா நானும் தான் இருக்கக்கூடாது, அவனுக்கு என்கிட்ட நேரா சொல்ல வாய் வந்திருக்காது" என்று அவளே சொல்லிக்கொண்டாள். பட்டறையில் அவளோடு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த சிநேகிதிக்குச் சலவைக்கடை மாடியில் ஒரு அறை இருக்கிறது, அங்கே போயிருக்கிறாள். ஒரு துணிப்பை, இரண்டு செட் உடுப்பு, கண்ணுக்குச் சொட்டு மருந்து, அவ்வளவுதான் எடுத்துப்போனாள். நீ லீவு முடிந்து திரும்பிப் போனதும் அழைத்துக்கொள்ளலாம் என்று உன் அப்பா முணுமுணுக்கிறார், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். வாசற்படியில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தப் பல்லு டப்பா, அதுவும் போயிடுச்சா?" என்றாள். "எல்லாம் போச்சு அண்ணி" என்றேன். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அது போகவில்லை. உன் பால்பற்கள் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி என் அலமாரியில், துணிக்கு அடியில் இருக்கிறது. பல் விழும்போதெல்லாம் நீ அதைக் கையில் பொத்திக்கொண்டு அவளிடம் ஓடுவாய். பெற்றவளுக்கு ஒரு பல்லில்கூட உரிமை இல்லையா? உன் அப்பா வெளியே போகும்போது அதை எடுத்து, மூடியை மேலே வைத்துக் கையை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். எவ்வளவு மெதுவாக இறங்குகிறது தெரியுமா. அவள் கை செய்தது என்று நினைத்தால் தூக்கி எறியத் தோன்றுகிறது, எறியவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன்.

அவள் உனக்குப் போன் செய்ய மாட்டாள், நீயும் தேடிப்பிடித்துச் செய்யாதே. ஒருவேளை பேச நேர்ந்தால் நீ சொன்னதாகவே இருக்கட்டும். இல்லை என்று சொன்னால் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கின புண்ணியம் உனக்கு. விமானத்தில் குழந்தையின் காதில் பஞ்சு வை, மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீ இளைத்துப்போய் வந்து நிற்காதே. மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் குழந்தை உன்னை முதலில் தேடுகிற குழந்தையாக வளரட்டும்.

மறந்துவிடாதே, வந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றும்போதே "அத்தை எங்க?" என்று கேட்டுவிடாதே. கதவைத் திறப்பது நான். இந்த ஒரு தடவையாவது முதலில் அம்மா என்று கூப்பிடு. அதற்குத்தான் இவ்வளவும் செய்தேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்