பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஏசி

ஜூன் 9, செவ்வாய்

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தும்மல் வந்தால் தொலைந்தேன்.

இன்று பெரியம்மா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "நாப்பது வயசுல ஏசி மெக்கானிக் ஆகப் போறியா? நடக்கலைன்னா பொண்ணை இங்க அனுப்பிடு. கடையில உக்கார ஆள் இல்ல. அவளாவது வேளைக்குச் சாப்பிடட்டும்."

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்க்கா" என்றாள்.

அந்தப் 'பாக்கலாம்'தான் என்னைத் தூங்கவிடவில்லை. பெரியம்மா ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை கடையில் உட்காருபவள் எப்போது அதற்குப் போவது?

பிஸ்கட் கம்பெனி மூடி நாலு மாதம் ஆகிறது. அம்மா அங்கே பதினோரு வருடம் பாக்கெட் கட்டினாள். கையில் எடுத்தாலே ஒரு பிஸ்கட் குறைகிறது என்று சொல்லிவிடுவாள். இப்போது பயிற்சி மையத்தில் அந்தக் கை நோட்ஸ் எழுதுகிறது. ஆறு வாரம், கடைசியில் தேர்வு. தேறுபவர்களை ஒரு சர்வீஸ் கம்பெனி எடுத்துக்கொள்ளும். தேறாவிட்டால் — கடை.

ஜூன் 11, வியாழன்

அம்மாவின் நோட்டைப் புரட்டினேன். கையெழுத்து அழகாக இருந்தது.

"கம்ப்ரஸர் எங்கம்மா இருக்கும்?"

"மூணாவது ஸ்லைடுல. நீலக் கலர்ல."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒன்பது நாள் வகுப்பு முடிந்துவிட்டது. இன்னும் யாரையும் இயந்திரத்தைத் தொட விடவில்லையாம். வகுப்பு மூலையில் புத்தம் புது ஏசி ஒன்று, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருக்கிறதாம். பயிற்சி தருபவருக்கு அம்மாவும் அவள் தோழி தையல்கார அக்காவும் வைத்திருக்கும் பெயர் 'ஸ்லைடு சார்'. திரையில் ஒவ்வொரு படம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பார். பதினெட்டுப் பேரும் "புரிஞ்சுது சார்" என்பார்கள்.

"புரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எல்லாருக்கும் புரிஞ்சிருக்கு. நான் ஒருத்திதான் மக்குன்னு கையத் தூக்கிக் காட்டவா?"

எங்கள் அறிவியல் வகுப்பிலும் இதே கதைதான். நானும் 'புரிஞ்சுது' கோஷ்டிதான். அங்கே இருக்கும் பதினெட்டுப் பேரும் அம்மாவைப் போலவே நினைத்துக்கொண்டிருந்தால்?

ஜூன் 12, வெள்ளி

அம்மா ஒரு படிவம் கொண்டுவந்தாள். பயிற்சி எப்படி இருக்கிறது என்று பயிற்சி பெறுபவர்களின் கருத்தைக் கேட்கும் படிவம். "எல்லாத்துக்கும் 'மிக நன்று' டிக் போட்டுடுடி. எனக்குத் துணி துவைக்கணும்" என்று போய்விட்டாள்.

போட்டேன். பத்துக் கேள்விக்கும் மிக நன்று. கீழே 'பிற கருத்துகள்' என்று ஒரு கட்டம், காலியாக. என் கை சும்மா இருக்கவில்லை.

எழுதியது இதுதான்: "எங்களுக்குப் புரியவில்லை. புரிந்தது என்று பொய் சொல்கிறோம். ஏசியைத் தொடாமல் எப்படி ஏசி கற்றுக்கொள்வது? வகுப்பு எட்டு மணிக்கு. பிள்ளைகளை அனுப்பிவிட்டு வருகிறவர்களுக்கு எட்டரை ஆகிவிடும். எதைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதை அந்த அரை மணி நேரத்தில்தான் சொல்லித் தருகிறீர்கள்."

மேலே அம்மா பெயர். அம்மா படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 13, சனி

கொடுத்துவிட்டாளாம். என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்.

ஜூன் 14, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று மூன்று முறை சமையலறை வரை போனேன். மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். பயிற்சியிலிருந்து நீக்கிவிட்டால்? அம்மாவின் வேலையை நானே கெடுத்துவிட்டு நானே கடைக்குப் போகப் போகிறேனா?

ஜூன் 15, திங்கள்

எல்லாம் தெரிந்துவிட்டது.

மையத்தின் பொறுப்பாளர் மேடம் வகுப்புக்கே வந்து அந்தக் கட்டத்தைச் சத்தமாகப் படித்தார்களாம். ஸ்லைடு சார் முகம் சுண்டிப்போயிற்றாம். "இது நீங்க எழுதினதா?" என்று அம்மாவிடம் தாளை நீட்டியிருக்கிறார்கள்.

என் கையெழுத்து அம்மாவுக்குத் தெரியாதா?

"ஆமா மேடம். நான் எழுதினதுதான்" என்றிருக்கிறாள்.

பிறகு தையல்கார அக்கா எழுந்து, "எனக்கும் புரியல மேடம். ஆனா நான் தைரியமா மறைச்சுட்டேன்" என்றாளாம். எல்லோரும் சிரித்ததும் ஒவ்வொருவராக வாய் திறந்திருக்கிறார்கள். சாரும் பேசினாராம்: "மெஷின் என் பேர்ல இருக்கு. கீறல் விழுந்தாலும் நான்தான் பதில் சொல்லணும். அதான் பிரிக்கல."

இதை யாருமே யோசிக்கவில்லை. அவருக்கும் பயம்தானா!

மேடம் அம்மாவிடம், "நீங்களா இருந்தா முதல் நாள் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்களாம். "ஓடாத ஒண்ணக் கொண்டுவந்து வைப்பேன். ஏன் ஓடலைன்னு எங்களையே தேடச் சொல்லுவேன். தேடிட்டு வந்தா சார் சொல்றது மண்டையில ஏறும்."

இவ்வளவையும் அம்மா சட்டினி அரைத்துக்கொண்டே சொன்னாள். நான் அழுதேன்.

"அழாத. எழுதினது நிஜம்தான். ஆனா என் பேருல எழுதினா மொதல்ல எனக்குப் படிச்சுக் காட்டணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"நிஜமா?"

ஜூன் 17, புதன்

பெரியம்மா மறுபடி போன். அம்மா மறுபடி 'பாக்கலாம்'.

ஜூன் 23, செவ்வாய்

பழைய இரும்புக் கடையிலிருந்து ஆறு ஏசி வந்திறங்கியிருக்கிறது. எதுவுமே ஓடாது. உடைந்தால் யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்று மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். மூன்று பேருக்கு ஒன்று. வகுப்பு ஒன்பது மணிக்கு மாறிவிட்டது. எது ஆபத்து என்பதைத் தினமும் எல்லோரும் வந்த பிறகு, இயந்திரத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்கிறாராம் சார். கரன்ட்டை நிறுத்தினாலும் கெப்பாசிட்டருக்குள் மிச்சம் இருக்குமாம். அம்மா அதைச் சொல்லும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சார் இப்போது "புரிஞ்சுதா?" என்பதில்லை. "செஞ்சு காட்டுங்க" என்கிறார். அம்மாவுக்கு இது இன்னும் பயமாக இருக்கிறதாம். ஆனால் மாலையில் வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு.

ஜூலை 1, புதன்

அம்மா அழுதுகொண்டு வந்தாள். செப்புக் குழாயை வளைக்கும்போது மூன்று முறை நசுக்கிவிட்டாளாம். "இந்தக் கைக்கு அட்டைப்பெட்டிதான் லாயக்கு." சூடாகக் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு வீணான குழாய்த் துண்டுகளைப் பையிலிருந்து எடுத்தாள். கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்! தரையில் உட்கார்ந்து மெல்ல மெல்ல வளைத்துப் பார்த்தாள். ஏழாவது துண்டு நசுங்கவில்லை.

ஜூலை 10, வெள்ளி

தேர்வு.

மேடம் கேட்டும் எழுத்துத் தேர்வை நீக்க மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லையாம். அதில் அம்மாவுக்கு நூற்றுக்கு நாற்பத்திரண்டு. நாற்பது வேண்டும். என் உயிர் அந்த இரண்டு மதிப்பெண்ணில்தான் தொங்கியிருக்கிறது. தையல்கார அக்காவுக்கு முப்பத்தெட்டு. அடுத்த மாதம் எழுத்தை மட்டும் மறுபடி எழுதலாமாம். "ரெண்டு மார்க்தானே, கடன் குடுத்திருக்கலாம்ல?" என்று அம்மாவைச் சீண்டினாளாம். பேருந்தில் மட்டும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாளாம்.

செய்முறைத் தேர்வில், இவர்களே ஓட வைத்த பழைய ஏசிகளில் ஒருவர் பழுது வைக்க வேண்டும், இன்னொருவர் கண்டுபிடிக்க வேண்டும். அம்மாவுக்கு வாய்த்த ஏசியில் பழுது வைத்தது அதே தையல்கார அக்கா. வெளிப்பெட்டியின் மின்விசிறி சுற்றவில்லை. வழக்கமாகக் கெட்டுப்போகும் கெப்பாசிட்டர் நன்றாகத்தான் இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தும் பிடிபடாமல், அம்மா கரன்ட்டை நிறுத்தி, கெப்பாசிட்டரில் இருந்த மிச்சத்தையும் இறக்கிவிட்டு ஒவ்வொரு கம்பியாக விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஒன்று மட்டும் அரை மயிரிழை ஆடியது.

"பாவி, நூல் பிரிக்கிற மாதிரி பிரிச்சு வச்சிருந்தா!"

ஜூலை 14, செவ்வாய்

கம்பெனியிலிருந்து கடிதம். அம்மா அதை எனக்கு முன்னால் தானே படித்தாள், ஒவ்வொரு வார்த்தையாக. கடைசியில் 'வேலையில் சேரவும்' என்று இருந்தது.

ஜூலை 29, புதன்

இரண்டு வாரமாக எழுத நேரமில்லை. பெரியம்மா ஞாயிறு அன்று கூப்பிட்டாள். அவள் வீட்டு ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறதாம். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, எந்தக் குழாயை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

இன்று அம்மா நாலு வீட்டு வேலை முடித்து வந்து, சீருடையோடே தூங்கிவிட்டாள்.

நாளை கணக்குத் தேர்வு. இயற்கணிதம் ஒன்றும் ஏறவில்லை. பயமாக இருக்கிறது. அம்மா விழித்துக் கேட்டால் 'புரியல' என்றே சொல்லிவிடலாம் என்று விளக்கை எரியவிட்டே உட்கார்ந்திருக்கிறேன்.