அம்மா பேர் வெட்டிய டம்ளர்

என்னைத் தமிழரசி என்று வாய் நிறையக் கூப்பிட்ட அப்பாவுக்கு,

உங்களுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிவிட்டேன். அதுவும் ஊரே கூடியிருந்த இடத்தில், கையில் மைக்கோடு. கோபப்படாம முழுசாக் கேளுங்க, கடைசியில் நீங்களே சிரிப்பீங்க.

மிராசுதார் ஆட்கள் மனையைக் காலி பண்ணச் சொல்லி வேலியைப் பிடுங்கிப் போட்டதும், நீங்கள் சங்கத்து ஆட்களோடு கீழ்வேளூர் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்ததும், கடைசியில் அரசாங்கம் குடியிருந்தவர்களுக்கே பட்டா கொடுத்ததும் எனக்கு மறக்கவில்லை. பட்டா கைக்கு வந்த அந்தக் கோடையில்தான் கொல்லையில் எருக்குழி வெட்டினீர்கள். உள்ளே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பழைய பானை. "கவர்மெண்டுக்குத் தெரிஞ்சா பானையோட மனையையும் எடுத்துக்குவாங்க, யாரும் மூச்சு விடக் கூடாது" என்று சொல்லி மண்ணைத் தள்ளி மூடினீர்கள். ஒன்பது வயசுப் பிள்ளையிடம் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்கள்.

நேரத்தைப் பாருங்க, நீங்கள் கண்ணை மூடிய பிறகு எனக்கு வேலை கிடைத்ததே தொல்லியல் கல்வி மையத்தில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஊர்மக்களுக்கு நிகழ்ச்சி நடக்கும். பிள்ளைகள் உடைந்த பானை ஓடுகளை ஒட்டிப் பார்ப்பார்கள். பெரியவர்கள் வயலில் கிடைத்த பாசிமணியையும் பழைய காசையும் முந்தானையில் முடிந்து கொண்டுவருவார்கள். எல்லோருக்கும் சுண்டல் உண்டு. "கெடைச்சதைப் பயப்படாமச் சொல்லுங்க, யாரு நெலத்தையும் யாரும் எடுக்க மாட்டாங்க" என்று மைக்கில் சொல்வது என் வேலை. சொல்லும்போதெல்லாம் நம் கொல்லைப் பானை ஞாபகத்துக்கு வரும்.

போன மாசியில் ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "ஏம்மா, உன் வீட்டுக் கொல்லையில கெடைச்சா நீ சொல்லுவியா?" கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் அம்மா சுண்டல் மெல்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பொய் சொல்ல வரவில்லை அப்பா. "கெடைச்சிருக்கு. இத்தனை வருஷமா மறைச்சு வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அந்த மனுஷன் அலையா அலைஞ்சு வாங்குன மனை. அது போச்சுன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள். பட்டாவுக்கு ஒன்றும் ஆகாது, தோண்டிய குழியை மூடித் தருவோம் என்று மையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அதை என்னை மூன்று தடவை படிக்கச் சொல்லிவிட்டு, பட்டாவோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அப்புறமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சித்திரையில் நம் கொல்லையிலேயே நிகழ்ச்சி வைத்தோம். பந்தல், நாற்காலி, நீர்மோர். கல்யாண வீடு கெட்டது போங்க. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, மையத்து சார் தூரிகையால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பானையின் வாயைத் திறந்தார். இறந்தவர்களை வைத்துப் புதைக்கிற தாழி, ரொம்பப் பழையது என்று விளக்கிக்கொண்டே உள்ளே கையை விட்டார். வெளியே வந்தது ஒரு எவர்சில்வர் டம்ளர். அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. துடைத்துப் பார்த்து, புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பேரைப் படித்தார்: "அஞ்சம்மாள்." நம்ம அம்மா பேர்!

பந்தலே சிரிப்பில் ஆடியது. எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த டம்ளரைப் பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டேன் என்றுதானே அம்மா என்னைப் புளியங்குச்சியால் விளாசினாள்? நீங்கள் பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, நியாயமா அப்பா?

எனக்குப் புரியாமல் இல்லை. இரவல் போன பாத்திரத்தைப் பேரைக் காட்டித்தானே திரும்ப வாங்குகிறோம். யார் தோண்டினாலும் இது நம்ம பானை என்று தெரியட்டும் என்றுதான் வைத்திருப்பீர்கள். ஆனால் உங்கள் பேர் வெட்டிய செம்பும் அடுப்பங்கரையில்தானே இருந்தது? அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்தீர்களா, தெரிந்தேதான் அம்மா பேரை வைத்தீர்களா?

அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. "பட்டாவுல அவரு பேரு, பானையில எம்பேரு. தெரிஞ்சுதான் வச்சிருக்காரு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வெட்கப்பட்டாள். இந்த வயசில் அவளுக்கு அப்படியொரு வெட்கம். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

பானை இப்போது மையத்தில் இருக்கிறது. டம்ளரையும் பக்கத்தில் வைக்கக் கேட்டார்கள். "பானைய நீங்க வச்சுக்குங்க, டம்ளரக் குடுங்க" என்று அம்மா வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். குழியை மூடின இடத்தில் பூசணி படர்ந்திருக்கிறது. மனை எங்கேயும் போகவில்லை அப்பா. சாயங்காலம் அந்த டம்ளரில் டீயை ஊற்றி, "முதல் வாய் நீ குடிடி" என்று என்னிடம் நீட்டுகிறாள். அடித்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

இனி ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நம் கொல்லையைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். மனையையும் அம்மாவையும் கண்ணாகப் பார்த்துக்கொள்வேன். உள்ளங்கையில் அடித்துச் சொல்கிறேன், இந்தச் சத்தியத்தை மீற மாட்டேன்.

அந்த டம்ளரைத் தொலைக்காத உங்கள் மூத்த மகள்,
தமிழரசி