ஜூன் மாதத்துச் சுறா

12 மே 2025, திங்கள்

கிளினிக்கில் இன்று பல்வலியோடு வந்தவர்களைவிடச் சண்டைக்கு வந்தவர்களே அதிகம். ரிசெப்ஷனில் இருக்கிற எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதுதான் தொழில். வீட்டுக்கு வந்தால் வாசலிலிருந்து படிவரைக்கும் தூண்டில் தடிகள். என் மனுசன் எட்வேட் குந்தியிருந்து ரீலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். ஜூன் வரப்போகிறது.

ஜூனில் எங்கள் தேவாலயப் பங்கு ஆண்கள் எசெக்ஸ் பக்கம் படகு பிடித்துக் கடலுக்குப் போவார்கள். அந்த வருடத்து முதல் சுறா, பங்கில் புதிதாகப் பிள்ளை பெற்றவளின் வீட்டுக்குப் போகும். சுறாவை உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறுக்கிற வறை சாப்பிட்டால் தாய்க்குப் பால் ஊறுமாம். இந்த முறை எட்வேட்டின் அக்கா மகள் ஜெஸ்ரினுக்கு, அவளுக்கு இந்த மாதம் பிள்ளை பிறக்கும். டூட்டிங் கடையில் இல்லாத சுறாவா என்று கேட்டேன்.

"ஐஸில கிடந்ததில என்ன சத்து இருக்கு?" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சுறா எங்கள் வீட்டுக்கு வந்தது. பிள்ளையை அன்று மத்தியானம்தான் அடக்கம் செய்திருந்தோம். செய்திருந்தோம் என்ன, செய்திருந்தேன். ஃபாதரும் நானும் மட்டும். எட்வேட் விடியவே படகுக்குப் போய்விட்டார். பின்னேரம், படகில் போனவர்களில் ஒருவனான டினேஷ் மீன் பையும் கையுமாகச் சிரித்துக்கொண்டு வாசலில் நின்றான். பிள்ளை பிறந்துவிட்டதென்று மட்டும் கேள்விப்பட்டிருந்தான், ஏழாம் மாதத்திலேயே செத்துப் பிறந்ததென்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் பையை வாங்கிக்கொண்டு தாங்க்ஸ் சொன்னேன்.

இதற்கு மேல் எழுத ஏலாது.

26 மே, திங்கள்

ஜெஸ்ரினுக்குப் பெண் பிள்ளை. போய்ப் பார்த்தேன். எனக்குத் தடிமன், பிள்ளைக்குத் தொத்திவிடும் என்று பொய் சொல்லிவிட்டுத் தூக்காமலே வந்தேன்.

7 ஜூன், சனி

படகில் ஒரு ஆள் குறைந்ததென்று, "நீரும் வாருமன்" என்றார் எட்வேட். ஏன் ஓமென்றேன்? அன்றைக்கு என்னைத் தனியே விட்டுப் போகுமளவுக்கு அந்தப் படகில் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஒன்றுமில்லை. பாணும் சம்பலும், டீசல் மணமும், ஆண்களின் பழைய பகிடிகளும்தான்.

பத்து மணிபோல எட்வேட்டின் தடி வளைந்தது. சுறா. முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, வயிறு நல்ல பருமன். படகுக்கார வெள்ளைக்காரர் பார்த்த உடனேயே சொன்னார், இது வயிற்றில் குட்டியோடு இருக்கிறது, கெதியாகத் தண்ணீரில் விடுங்கள் என்று. "ஒரே ஒரு போட்டோ அண்ணை" என்றான் டினேஷ். எட்வேட் வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்.

குட்டிகள் விழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாய்ப் பலகையில் விழுந்தன. ஒரு சாண் நீளம்தான் இருக்கும். மாதம் முற்றாதவை என்று பார்க்கவே தெரிந்தது. இரண்டு மூன்று துடித்தன. போட்டோ எடுக்க வந்தவன் போனைக் கீழே இறக்கிவிட்டான்.

எட்வேட் முழந்தாளில் இருந்து ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் அள்ளிக் கடலில் விட்டார். அவை வயிறு மேலே தெரிய மிதந்துபோயின. நான் அவரைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன்.

அதற்குள் தாயும் செத்துவிட்டது. "செத்ததை ஏன் எறிவான்? ஜெஸ்ரினுக்குக் குடுப்பம்" என்றான் டினேஷ். இதில் சட்டப்படி பிழை ஒன்றுமில்லை என்று படகுக்காரர் சொன்னார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

8 ஜூன், ஞாயிறு

வறைக்குத் தேங்காய் திருவி, வெங்காயம் மிளகாய் அரிந்து வைத்துவிட்டுத்தான் சுறாவை வெட்டினேன். உள்ளே இன்னும் ஒன்று இருந்தது.

கத்தியை வைத்துவிட்டேன். தாயையும் குட்டியையும் ஒரு பழைய துவாயில் சுற்றித் தோட்டத்தில், உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே தாட்டேன். எட்வேட் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வரவில்லை. இந்த மனுசன் குழி வெட்டுகிற இடத்துக்கு வரமாட்டார்.

மீன் பழுதாகிவிட்டது என்று ஜெஸ்ரினுக்குச் சொன்னேன். "இட்ஸ் ஓகே மாமி, நான் ஓட்ஸ்தான் சாப்பிடுறன்" என்றாள். ஓட்ஸ்! அவளுக்குச் சுறாவே தேவைப்பட்டிருக்கவில்லை.

15 ஜூன்

சண்டை.

"இனி ஜூனில போகாதேங்கோ. வயித்தில பிள்ளையோட அதுகள் கரைப்பக்கம் வாற மாசம்."

"சட்டப்படிதானே போறம்."

"சட்டப்படி அழவும் ஏலும். நீங்கள் அழுதனீங்களோ?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் சாப்பிடாமல் எழும்பிப் போனார்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து மண்டபத்தில் தூண்டில்காரர்களின் கூட்டம். தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் உள்ளே போய், தட்டை வைத்துவிட்டுப் பேசினேன்.

"தூண்டிலை விடச் சொல்லேல்லை. ஜூனை மட்டும் விடுங்கோ. சினைச்சுறாவை விடுங்கோ."

"வலைக்காரர் டன் கணக்கில அள்ளுறாங்கள் அக்கா. நாங்கள் பிடிக்கிறது ஒண்டு ரெண்டு" என்றான் டினேஷ்.

"இனிப் படம் எடுத்துப்போட்டுத் திருப்பி விடுவம்" என்றார் இன்னொருவர்.

"தாயை விடுவீங்கள். பலகையில விழுந்ததை என்ன செய்வீங்கள்?"

பதில் இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே. ஜூனில் போவதற்குக் கிட்டத்தட்ட எல்லாரும் கை தூக்கினார்கள். வேண்டாம் என்று தூக்கியது நான் ஒருத்தி. நான் உறுப்பினர் இல்லை, அதனால் அது கணக்கில் இல்லையாம். எட்வேட் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை, கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

வருகிற வருடம் ஜூன் ஆறாம் தேதிக்குப் படகு புக் பண்ணியாகிவிட்டது.

வழியெல்லாம் அழுதேன். சுறாவுக்காக என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே முழுதாக நம்பிக்கை இல்லை.

30 ஆகஸ்ட்

வாசலில் தடிகளைக் காணவில்லை. டினேஷுக்குக் கொடுத்துவிட்டாராம். அவன் அதாலும் சுறாதான் பிடிப்பான். சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன்.

2 நவம்பர், ஞாயிறு

இறந்தவர்களின் திருநாள். மெழுகுதிரி எடுத்துக்கொண்டு நான் சப்பாத்துப் போட, அவரும் சப்பாத்துப் போட்டார்.

சேமக்காலையில் பிள்ளைகளைப் புதைக்கிற பகுதி எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. நான் முன்னால் நடந்தேன். இத்தனை சின்னக் கல்லாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை போல. கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கு அவங்களிட்டச் சொல்லத்தான் படகடிக்குப் போனனான்" என்றார்.

"என்னத்தை?"

"இந்த முறை சுறாவை எங்கட வீட்டுக்குக் கொண்டு வராதேங்கோ எண்டு. போனில சொல்ல ஏலேல்லை. நேரில சொல்லிப்போட்டு மத்தியானத்துக்குள்ள வந்திடுவம் எண்டு நினைச்சன். கரையில நிண்டால் வாய் வருகுதில்லை. ஏறுங்கோ அண்ணை எண்டான் டினேஷ். ஏறீட்டன்."

"தூண்டில் போட்டனீங்களோ?"

"இல்லை."

மூன்று வருடம். ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். "எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே" என்று கத்தினேன். பக்கத்துக் கல்லடியில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம்" என்றார்.

கோபம் போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது. ஜூன் ஆறாம் தேதி படகு போகும். அதுகளும் பிள்ளை பெறக் கரைக்கு வரும்.

நல்ல காற்று. கொளுத்தக் கொளுத்தத் திரி அணைந்தது. அவர் ஈரப் புல்லில் முழந்தாளில் இருந்து, இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துச் சுடருக்கு மறைப்புக் கட்டினார். திரி எரிந்து முடியுமட்டும் அவர் எழும்பவில்லை, நானும் போவோம் என்று சொல்லவில்லை.