செவ்வாய்க்கிழமை வந்த வாஷிங் மிசின்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொடியில் நேற்றைய துணி இன்னும் ஈரம்.

வாஷிங் மிசின் வந்துவிட்டது. தேனிக் கடையிலிருந்து லோடு ஆட்டோவில். இறக்கியவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கம்பெனி ஆளு வந்து மாட்டித் தருவாக" என்று சொல்லிவிட்டு ஓட்டம். பெட்டி வீட்டுக்குள் வரவில்லை. மதினி வாசலை மறித்து நின்றுகொண்டார். "செவ்வாயோ வெறுவாயோம்பாக. இன்னைக்குப் புதுச் சாமான் வாசப்படி தாண்டக் கூடாது." பெட்டி இப்போது ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில், தார்ப்பாய்க்கு அடியில். வந்த கோபத்தில் வேகமாக எழுந்தேன். வயிற்றுத் தையல் சுருக்கென்று இழுத்தது. உட்கார்ந்துவிட்டேன்.

இவருடைய அக்கா என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து நான் வீட்டுக்கு வந்த அன்றே தேவதானப்பட்டியில் மகன் வீட்டிலிருந்து பையோடு வந்து இறங்கியவர். டாக்டரம்மா சொன்னது: குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, துணி துவைக்கவே கூடாது. சரி. மதினி சமைக்கட்டும், கூட்டட்டும். என் உள்பாவாடை வரைக்கும் துவைத்து, தெருவைப் பார்த்த கொடியில் விரித்துப் போடுவது? என் உள்துணியை இதுவரை யார் கையிலும் கொடுத்ததில்லை. அம்மா கையில்கூட. அதற்குத்தான் இந்த மிசின். குனியாமல் போட மேல்மூடி வைத்தது. அது ஓட ஆரம்பித்தால் என் துணி என் கையில். மதினியும் ஊர் போய்ச் சேரலாம்.

நவம்பர் 5, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. போய்விட்டது.

கம்பெனிக்கு போன். முதலில் இந்தி, அப்புறம் இங்கிலீஷ். தமிழுக்கு எந்த எண்ணை அழுத்துவது என்று சொல்லும்போது மதினி மிக்ஸியைப் போட்டார். மறுபடியும் முதலிலிருந்து. பாட்டு. கடைசியில் ஒரு பெண்.

"உத்தமபாளையம் எந்த டிஸ்ட்ரிக்ட் மேடம்?"

தேனி.

"தேனின்னா மதுரையில வருமா மேடம்?"

வராதும்மா.

"உங்க பொறுமைக்கு நன்றி மேடம்."

எனக்கு ஏது பொறுமை. வெள்ளிக்கிழமை ஆள் வருவாராம். நேரம் சொல்ல முடியாதாம்.

குமுளிக்கு, இவருக்கு போன். அங்கே ஏலக்காய்க் கடையில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். "அதான் அக்கா இருக்குல்ல. பெறகு என்ன அவசரம்?" போனை வைத்துவிட்டேன். பதில் சொல்லியிருந்தால் தையல் பிரிந்திருக்கும்.

வாங்க வேண்டியது: இரும்புச்சத்து மாத்திரை, மிசினுக்கான சோப்புத்தூள், கொடிக் கிளிப், உளுந்து.

நவம்பர் 7, வெள்ளி



நான் குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தெருவில் போன ரெண்டு பேரைக் கூப்பிட்டுப் பெட்டியை உள்ளே தூக்கிவைத்து, அரிவாளால் அட்டையைக் கிழித்து, மிசினுக்குத் திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம். ஸ்டார்ட் பட்டன் மேலேயே பெரிய பொட்டு. மூடி மேல் எலுமிச்சம்பழம். "நல்ல நேரம் போயிரும்ல ஆத்தா. நீ பாட்டுக்குக் குளிச்சுக்கிட்டுக் கெடக்க."

மூன்று மணி போல் கம்பெனி ஆள். மிசினைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பெட்டிய யாரு மேடம் பிரிச்சது?"

"எங்க மதினி."

"நாங்க வந்துதான் பிரிக்கணும். இப்ப உள்ள ஏதாச்சும் ஒடஞ்சிருந்தா அது வண்டியில ஒடஞ்சதா, நீங்க ஒடச்சதான்னு எப்படிச் சொல்றது? நான் தொட்டா எம் மேல வரும்."

"ஒடஞ்சிருக்கான்னு பாருங்க தம்பி."

"பாக்கணும்னாலே தொடணும் மேடம்."

பொட்டு வைத்த மிசினை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மதினி பின்னாலேயே போய், "காப்பியாச்சும் குடிச்சுட்டுப் போப்பா" என்கிறார். காப்பி!

நவம்பர் 8, சனி

அடைமழை.

கடைக்கு போன்: கம்பெனியில் கேளுங்க. கம்பெனிக்கு போன்: கடையில் கேளுங்க. மறுபடி கடைக்கு: மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார். பதினோரு மணிக்கு என்ன சாப்பாடு?

வாசலில் மதினி, மழைக்குத் துணியை எடுத்துக்கொண்டே, எதிர்வீட்டு மைமூனக்காவிடம்: "கர்ப்பப்பைய எடுத்துட்டாகள்ல. இன்னும் லேசா ரத்தம் படுது. நாந்தேன் எல்லாத்தையும் அலசிப் போடுறேன்." மழைச் சத்தத்துக்கு மேல் கத்தியதால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மைமூனக்கா பாவம், "ம்ம்" என்றதோடு சரி. செத்துப்போகலாம் போல இருந்தது. செத்தாலும் அந்தத் துணியையும் மதினிதான் அலசுவார்.

இவர் வந்தார். மிசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், சந்தையில் மாடு பார்ப்பவர் மாதிரி. "நல்லாத்தான் இருக்கு" என்றார். சாப்பிட்டார். தூங்கிவிட்டார்.

நவம்பர் 10, திங்கள்

இவர் முதல் பஸ்ஸில் குமுளிக்கு.

போதும். நான் வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். எனக்குத்தான் லீவு, விரலுக்கு இல்லை. போனிலேயே ஒரு நோட்டீஸ் தட்டினேன். நுகர்வோர் கோர்ட், மன உளைச்சல், சேவைக் குறைபாடு, எல்லாம். எதிர்த்தரப்பு ஒன்று, கடை. இரண்டு, கம்பெனி. மூன்று என்று போட்டு மதினி பெயரையும் அடித்துப் பார்த்தேன். சுகமாக இருந்தது. பிறகு அதை மட்டும் அழித்துவிட்டு கடை மேனேஜருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் போன். "மேடம், நீங்க வக்கீலா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல." ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாளைக்கே ஆள் வருகிறாராம்.

நவம்பர் 11, செவ்வாய்

அதே ஆள். "இன்னைக்கா? செவ்வாக்கெழமையா?" என்று மதினி ஆரம்பித்தார். "வரட்டும் மதினி" என்றேன். என் குரலைக் கேட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

குழாய் முனை சேரவில்லை. பிளம்பரைக் கூப்பிடு. பிளக் சின்னது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. ஸ்டாண்டு வேணுமாம். எலி புகாமல் அடியில் வலை வேணுமாம். உப்புத் தண்ணிக்குப் பவுடர் வேணுமாம். போர்த்துவதற்கு உறை வேணுமாம். "தம்பி, எனக்கு மிசின் ஓடணும். அத மட்டும் பாருங்க."

பட்டன் மேலிருந்த பொட்டை அவர் துடைக்கப் போக, மதினி ஓடி வந்து தன் முந்தானையால் துடைத்தார். குங்குமக் கறை போகவில்லை.

சாயங்காலம் வெறும் தண்ணீரில் ஓட்டிக் காட்டினார். ஓடுகிறது! அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் கோபமெல்லாம் அப்படித்தான் வெளியே வந்தது போல. என் துணியை எல்லாம் கூடையில் எடுத்துவைத்திருக்கிறேன். காலையில் முதல் வேலை.

நவம்பர் 12, புதன்

நல்ல வெயில்.

எழுந்து போய்ப் பார்த்தால் கூடை காலி. மிசினும் காலி. கொடி முழுக்க என் துணி, உள்பாவாடை உட்பட, தெருவைப் பார்த்து. விடிவதற்கு முன்பே குத்தவைத்து உட்கார்ந்து துவைத்திருக்கிறார்.

கத்தினேன். ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு சத்தம் வந்ததே இல்லை. "எதுக்கு மதினி? மிசின்தான் ஓடுதுல்ல? ஒங்கள யாரு கேட்டா?"

திருப்பித் திட்டுவார் என்று பார்த்தேன். வாளியைக் கவிழ்த்துவைத்தார்.

"எம் மகன் வீட்டுலயும் மிசின் வாங்குனாக. அதுக்குப் பெறகு என்னைய ஒரு சோலிக்கும் கூப்புடுறதில்ல. தட்டுல சோத்த வச்சு, டிவியப் போட்டுவிட்டுப் போயிருவாக. இங்கனயும் ஓட ஆரம்பிச்சிட்டா நாளைக்கே பஸ் ஏத்தி விட்டுருவேல்ல?"

ஏற்றிவிடத்தான் இருந்தேன். பஸ் நேரம்கூடக் கேட்டு வைத்திருந்தேன்.

ஆனாலும் கோபம் போகவில்லை. கொடியிலிருந்து பாவாடைகளை மட்டும் உருவினேன், சொட்டச் சொட்ட. மிசினில் போட்டு மூடினேன்.

"இது எஞ் சோலி. இதை மட்டும் தொடாதீக. கொடியவும் பின்னால மாத்திக் கட்டுங்க."

தலையாட்டினார். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன்.

"இட்லிக்கு உளுந்து ஊறப் போடவா? ஒரு நாளைக்கு மட்டும் போடவா, இல்ல..."

"நெறையாவே போடுங்க" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.